பிடி 170 ஏன் மண்டபத்த விட்டுப் போகவே இல்ல: ஒரு இருட்டுக் கணக்கு

2004 செப்டம்பர்ல சோனி எஃப்எக்ஸ்1 கேமராவ அறிவிச்சப்போ எல்லாரும் பேசுனது 1080 லைன் பத்தியும் வைட் ஸ்கிரீன் பத்தியும்தான், அதே சின்ன மினி டிவி (DV, டிஜிட்டல் வீடியோ) டேப்லயே எச்டி பதியுதுங்கறது அப்போ பெரிய ஆச்சரியம். ஆனா நம்ம ஊரு கல்யாண வீடியோ தொழில்ல அதுக்கு முந்தின வருஷம், 2003ல வந்த சோனியோட எச்டி இல்லாத டேப் கேமரா பிடி 170 அதுக்கப்புறமும் ரொம்ப வருஷம் அசையவே இல்ல. காசு ஒரு காரணம், எடிட்டிங் கம்ப்யூட்டர் எச்டிவி (HDV, அந்த டேப்ல எச்டி பதியற ஃபார்மட்) ஃபைல இழுக்க முடியாம மூச்சு வாங்குனது ஒரு காரணம், பார்ட்டி வீட்டுல எச்டி டிவியே கிடையாதுங்கறது இன்னும் பெரிய காரணம். இதெல்லாம் இருந்தும் ஆபரேட்டருங்கள கேட்டா வர்ற பதில் வேற: "புதுசு வெளிச்சத்துல நல்லாத்தான் இருக்குண்ணே, இருட்டுல தேறாது."

ஏன் தேறாதுன்னு கேட்டா, பிக்சல் சின்னதாயிடுச்சு, அவ்ளோதான், கேஸ் முடிஞ்சது. இந்த விளக்கம் பாதி உண்மை. மீதிப் பாதிய யாரும் தோண்டிப் பாக்கல, அதனாலதான் இன்னைக்கும் கேமரா வாங்கறவங்க மெகாபிக்சல் கம்மியா இருந்தா நைட்ல சூப்பர்னு கண்ண மூடிட்டு காசக் கட்டறாங்க. அந்த மீதிப் பாதிதான் இந்தக் கட்டுரை.

முதல்ல, படம் எடுக்க குறைஞ்சது இவ்ளோ வெளிச்சம் வேணும்னு ஸ்பெக் ஷீட்ல போட்டிருக்கற லக்ஸ (வெளிச்சத்த அளக்கற அலகு) ஒரு வழி பண்ணிடுவோம். முந்தின மாடல் பிடி 150க்கு 2 லக்ஸ், பிடி 170க்கு 1 லக்ஸ், எஃப்எக்ஸ்1க்கு 3 லக்ஸ், 2005ல வந்த சின்ன எச்டிவி ஹேண்டிகேம் எச்சி1க்கு 7 லக்ஸ். வரிசையா அடுக்குனா மார்க் லிஸ்ட் மாதிரியே இருக்கும். 1 லக்ஸ்ங்கறது ஒரு மெழுகுவத்திய ஒரு மீட்டர் தள்ளி வச்சா கிடைக்கற வெளிச்சம், பௌர்ணமி நிலா அதுல கால்வாசி. டியூப் லைட் போட்ட மண்டபத்துல 100லேர்ந்து 300 லக்ஸ் வரைக்கும் இருக்கும். அப்புறம் 1க்கும் 3க்கும் இருக்கற வித்தியாசம் 200 லக்ஸ் மண்டபத்துல எப்படிங்க தெரியும்? தெரியவே கூடாது. ஆனா தெரிஞ்சுது. அப்போ அந்த நம்பர் சொல்றது வேற ஏதோ.

சின்னக் கணக்கு ஒண்ணு போட்டா விஷயம் புரிஞ்சிடும். 1 லக்ஸ் வெளிச்சத்துல எஃப் 1.6 லென்ஸ் (எஃப் நம்பர் சின்னதா இருந்தா திறப்பு பெருசு), 1/50 நொடி ஷட்டர் வச்சு சரியான எக்ஸ்போஷர் கிடைக்கணும்னா ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறன், 32,000 பக்கம் வேணும். அந்தக் காலத்து 1/3 இன்ச் கேமராவோட 0 டெசிபல் கெய்ன (சிக்னல ஏத்தாத நிலை) உத்தேசமா 300, 400 ஐஎஸ்ஓன்னு எடுத்துக்கலாம், வீடியோ கேமராவுல ஒவ்வொரு 6 டெசிபலுக்கும் சிக்னல் டபுள் ஆகும், ஆக 18 டெசிபல் ஏத்துனா எட்டு மடங்கு, அதாவது 3,000 பக்கம். 1 லக்ஸுக்கு தேவைப்படறதுல பத்துல ஒரு பங்குதான் இருக்கு. அப்போ அந்த 1 லக்ஸ்ல வர்ற படம் மூணு ஸ்டாப்புக்கு மேல அண்டர் (ஒரு ஸ்டாப் இறங்குனா வெளிச்சம் பாதியாகும்), "ஏதோ தெரியுது"ங்கற அளவுல. அதையும் "குறைந்தபட்ச வெளிச்சம்"னு போடலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. அமெரிக்காவுல கேம்கார்டர் லோ லைட்ட அளக்க இஐஏ 639னு ஒரு முறையே இருந்துச்சு, ஆனா கட்டாயம் இல்லாததால அவங்கவங்க வசதிக்கு அளந்துக்கிட்டாங்க. ஒருத்தர் ஷட்டர 1/50ல வச்சு அளப்பார், இன்னொருத்தர் சத்தமில்லாம 1/25க்கு இறக்கி லக்ஸ பாதியாக்கிடுவார், அந்த 1/25ல மாப்பிள்ளை கைய ஆட்டுனா கையே வால் மாதிரி இழுக்கும், அது ஸ்பெக் ஷீட்ல இருக்காது.

நான் இத சோதிச்சுப் பாத்தது ரொம்ப எளிமையா. ரூம் ஜன்னல எல்லாம் கருப்புத் துணி போட்டு அடைச்சிட்டு, ஒரு நாற்காலில அரக்குக் கலர் பட்டுப்புடவைய மடிச்சுப் போட்டு, பக்கத்துல ஒரு பித்தளை சொம்பு, முன்னாடி அஞ்சு திரி போட்ட குத்துவிளக்கு. அவ்ளோதான் லைட்டு. பிடி 170ல 18 டெசிபல் ஏத்துனா சொம்போட விளிம்பு நல்லா மின்னும், புடவை அரக்கா கருப்பான்னு சொல்ல முடியாத ஒரு பழுப்புல நிக்கும், நிழல்ல மட்டும் நீலப் புள்ளிங்க எறும்பு ஊர்ற மாதிரி ஊரும். அந்த நீலத்துக்கு ஒரு காரணம் இருக்கு. எண்ணெய் விளக்கோட கலர் டெம்பரேச்சர் 1,900 கெல்வின் பக்கம், அந்த வெளிச்சத்துல நீலம் இல்லவே இல்லங்கற அளவுக்குக் கம்மி, வைட் பேலன்ஸ் பண்ணுனா கேமரா நீலச் சேனல மட்டும் தனியா தூக்கி விடும், தூக்கும்போது நாய்ஸும், அதாவது அந்த ஊர்ற புள்ளிங்களும், சேர்ந்தே வரும். அதே அளவு வெளிச்சத்த டியூப் லைட்ல கொடுத்தா அதே கேமரா, அதே கெய்ன், படம் பளிச்சுன்னு ஒரு படி மேல. இது லக்ஸ் நம்பர்ல எங்கயும் வராது, ஆனா விளக்கு பூஜையும் ஹோமமும் எடுக்கறவனுக்கு இதான் முதல் பிரச்சனை.

இப்போ பிக்சல் விஷயத்துக்கு வருவோம். பிடி 170ல மூணு சிசிடி (வெளிச்சத்த படமாக்கற சென்சார் சிப்பு), ஒவ்வொண்ணும் 1/3 இன்ச், நம்ம ஊரு டிவி முறையான பால் (PAL) மாடல்ல ஒரு சிசிடிக்கு சுமார் 4.5 லட்சம் பிக்சல். 1/3 இன்ச்னு பேருதான், அது பழைய பிக்சர் டியூப் காலத்து அளவு முறை, நிஜத்துல மூலைக்கு மூலை 6 மில்லிமீட்டர், பரப்பு 17 சதுர மில்லிமீட்டர் சொச்சம். எஃப்எக்ஸ்1லயும் மூணு சிசிடிதான், அதே 1/3 இன்ச்தான், ஆனா பிக்சல் 11.2 லட்சம். ஒரு பிக்சலோட பரப்பு பிடி 170ல 38 சதுர மைக்ரான் பக்கம்னா எஃப்எக்ஸ்1ல 14 பக்கம். மூணுல ஒரு பங்குன்னு வச்சிக்கலாம்.

இங்கதான் "பிக்சல் சின்னது, அதான் இருட்டு"ன்னு முடிச்சிடறாங்க. ஆனா பாருங்க, சென்சார் மேல விழுந்த மொத்த வெளிச்சம் ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ஏன்னா சைஸும் ஒண்ணு, லென்ஸும் ரெண்டுலயும் எஃப் 1.6. அண்டால இருக்கற சாதம் அதே அளவு, 450 இலைக்குப் போடாம 1,100 இலைக்குப் போடறாங்க, அவ்ளோதான். இலைக்கு இலை பாத்தா கம்மிதான், ஆனா மொத்தம் குறையல. குறையறது எங்கன்னா, ஒவ்வொரு தடவ கரண்டில அள்ளும்போதும் கொஞ்சம் சிந்தும்ல, இலை கூடக் கூட சிந்தறதும் கூடும். ஒவ்வொரு பிக்சலையும் படிக்கும்போது அதுல சேர்ற ரீட் நாய்ஸ் அப்படித்தான், நல்ல வெளிச்சத்துல அது கணக்குலயே வராது, வெளிச்சம் கொஞ்சமா இருக்கும்போதுதான் அது பெரிசா தெரியும். சரி, அப்போ எஃப்எக்ஸ்1ல எடுத்தத டிவிடிக்காக 720க்கு 576க்கு சுருக்குனா? பக்கத்துப் பக்கத்து பிக்சலோட நாய்ஸ் ஒண்ணோட ஒண்ணு அடிபட்டுப் போகும், படம் பிடி 170க்கு ரொம்ப பக்கத்துல வந்து நிக்கும். டிவிடியா கொடுத்தவங்க ரெண்டையும் ஒரே சைஸ்ல வச்சுப் பாத்திருந்தா இவ்ளோ பெரிய பஞ்சாயத்தே வந்திருக்காது. பாத்தது எப்படின்னா, பிடி 170 படத்த பழைய டியூப் டிவில, எச்டி படத்த எடிட்டிங் மானிட்டர்ல நூறு பர்சன்ட் ஜூம்ல.

ஆனாலும் ஆபரேட்டருங்க சொன்னது வெறும் பிரமையும் இல்ல. ரெண்டு விஷயம் நிஜமாவே அடிச்சுது, ரெண்டுமே பிக்சல் இல்ல.

ஒண்ணு லென்ஸ். நம்ம மண்டபத்துல வீடியோகிராஃபருக்கு எங்க இடம் கிடைக்கும்? தாலி கட்டற நேரத்துல மேடை மேல சொந்தக்காரங்க சுவரு மாதிரி நிப்பாங்க, கீழ இருந்து ஜூம் போட்டுத்தான் ஆகணும். பிடி 170 லென்ஸ் 6லேர்ந்து 72 மில்லிமீட்டர், வைட்ல எஃப் 1.6, ஃபுல் ஜூம்ல எஃப் 2.4, ஒரு ஸ்டாப்புக்குக் கொஞ்சம் மேல போகும். எஃப்எக்ஸ்1 லென்ஸ் ஃபுல் ஜூம்ல எஃப் 2.8, ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல போச்சு. சின்ன ஹேண்டிகேம்கள்ல இது இன்னும் மோசம், கேனன் எச்வி20 மாதிரி நல்ல கேமராவுலயே எஃப் 1.8ல ஆரம்பிச்சு 3.0 வரைக்கும் இறங்கிடும். பெட்டி மேல லக்ஸ் போடறப்போ லென்ஸ முழுசா வைட்ல வச்சுத்தான் அளக்கறாங்க. ஃபுல் ஜூம்ல எவ்வளவுன்னு எந்தக் கம்பெனியும் போட்டு நான் பாத்ததில்ல.

ரெண்டாவது கம்ப்ரெஷன், என்னைக் கேட்டா இதான் மெயின் குற்றவாளி. பிடி 170 பதியற டிவி (DV) ஃபார்மட்ல ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனியா சுருக்கப்படுது, நொடிக்கு 25 மெகாபிட். எச்டிவிலயும் டேப்ல போறது அதே 25 மெகாபிட்தான், ஆனா படம் 1440க்கு 1080, நாலு மடங்கு கிட்ட பெரிசு. எப்படி அடைச்சாங்கன்னா எம்பெக் 2, ஒரு ஃப்ரேம முழுசா எழுதிட்டு அடுத்தடுத்த ஃப்ரேம்ல மாறுனத மட்டும் எழுதறது. வெளிச்சத்துல இது அழகா வேலை செய்யும். இருட்டுல கெய்ன் ஏத்துனா என்ன ஆகும்? நாய்ஸ் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் வேற வேற இடத்துல இருக்கும், என்கோடர் பாவம், எல்லாமே மாறிடுச்சுன்னு நெனச்சு இருக்கற பிட்ட எல்லாம் அந்தப் புள்ளிங்களுக்கே செலவு பண்ணிடும், முகத்துக்கு மிச்சம் ஒண்ணும் இருக்காது. கட்டம் கட்டமா உடையறது, கன்னம் மெழுகு பூசுன மாதிரி வழவழன்னு ஆகறது எல்லாம் அப்படி வந்ததுதான். பழைய டிவி (DV) ஃபார்மட்ல நாய்ஸ் நாய்ஸாவே இருந்துச்சு, பழைய ஃபிலிம் கிரெயின் மாதிரி கண்ணுக்கு உறுத்தாது. எச்டிவில நாய்ஸ் சேறாயிடுச்சு. இத சென்சார் தலையில கட்டுனது அநியாயம்.

ஒத்தை சிப்பு கேமரா வந்தப்போ கதை இன்னும் ஒரு படி மோசம். மூணு சிசிடி கேமராவுல லென்ஸுக்குப் பின்னாடி ஒரு பிரிசம் சிவப்பு, பச்சை, நீலத்த பிரிச்சு மூணு சிப்புக்கும் அனுப்பும், வெளிச்சம் பெருசா வீணாகாது. ஒத்தை சிப்புல பிக்சலுக்குப் பிக்சல் கலர் ஃபில்டர் போட்டிருப்பாங்க, பச்சை ஃபில்டர் இருக்கற பிக்சல்ல சிவப்பும் நீலமும் வாசல்லயே திரும்பிடும். விழற வெளிச்சத்துல மூணுல ரெண்டு பங்கு பக்கம் அங்கயே போச்சு. எச்சி1 சென்சாரும் 1/3 இன்ச்தான், ஆனா 29.7 லட்சம் பிக்சல் உள்ள ஒத்தை சிமாஸ் (சிசிடிக்கு அடுத்து வந்த சென்சார் ரகம்), அதான் 7 லக்ஸ். 2007ல சோனி எச்டி1000னு தோள்ல வச்சு எடுக்கற பெரிய எச்டிவி கேமரா வந்துச்சுல்ல, நம்ம ஊருல எக்கச்சக்கமா ஓடுச்சு, அது உள்ளயும் 1/2.9 இன்ச் ஒத்தை சிமாஸ்தான், ஹேண்டிகேம் சைஸ் சென்சாரு. ஆனா மண்டபத்துல மரியாதை அதுக்குத்தான். சின்ன கேமராவோட போய் நின்னா பொண்ணோட பெரியப்பா வந்து "என்ன தம்பி, பெரிய கேமரா கொண்டு வரலியா?"ன்னு கேட்பாரு, அவர்கிட்ட பிரிசம் பத்தி பேச முடியுமா.

சிமாஸோட வந்த இன்னொரு தலைவலி ஃபிளாஷ். சிசிடி ஃப்ரேம் முழுசையும் ஒரே நேரத்துல பிடிக்கும், சிமாஸ் மேலேர்ந்து கீழ வரி வரியா படிக்கும். தாலி கட்டற அந்த நொடியில நாலு போட்டோகிராஃபர் ஃபிளாஷ் அடிச்சா பாதி ஃப்ரேம் வெள்ளையா, பாதி இருட்டா வெட்டிக்கிட்டு நிக்கும். சிசிடிக்கும் ஒரு சாபம் உண்டு, ஹாலஜன் லைட்டு ஃப்ரேமுக்குள்ள வந்தா மேலேர்ந்து கீழ ஒரு கோடு ஓடும். ரெண்டுல எது பரவால்லன்னு கேட்டா கோடுதான், லைட்ட ஃப்ரேம விட்டுத் தள்ளிட்டா போச்சு, ஃபிளாஷ தள்ள முடியாது.

ஹாலஜன்னு சொன்னதும் இன்னொண்ணு. இவ்ளோ லக்ஸ் சண்டை போட்டோமே, முகூர்த்தத்துல லைட் பாய் 1,000 வாட் ஹாலஜன தூக்கிப் பிடிச்சிட்டு நிப்பான், மேடைல 1,000 லக்ஸுக்கு மேல இருக்கும், அங்க எந்த கேமராவும் நல்லாத்தான் எடுக்கும். பொண்ணு நெத்தில மேக்கப் உருகி வழியறதையும் சேர்த்துத் தெளிவா எடுக்கும். நிஜ இருட்டு மாப்பிள்ளை அழைப்புல, தெருவுல, கார் உள்ள, பந்தி ஹால் கடைசி வரிசைல. பிடி 170 பேரு வாங்குனது அங்கதான்.

இருட்டு விஷயத்துல மறுபடி திருப்பம் வந்தது ரெண்டு பக்கத்துலேர்ந்து. ஒண்ணு 2009ல, சோனி ஹேண்டிகேம்கள்ல எக்ஸ்ஆர்500, எக்ஸ்ஆர்520 மாடல்ல எக்ஸ்மோர் ஆர் சென்சார் வந்துச்சு. வழக்கமா சிமாஸ்ல வயரிங் எல்லாம் வெளிச்சம் வர்ற பக்கம் இருக்கும், இதுல சிப்ப திருப்பிப் போட்டு வயரிங்க பின்னாடி தள்ளிட்டாங்க, சின்ன பிக்சலுக்கு வழி மறிக்கறது இல்லாம வெளிச்சம் நேரா உள்ள போச்சு. இன்னைக்கு நம்ம கைல இருக்கற போன் எல்லாம் இந்த ரகம்தான். இன்னொண்ணு 2008 செப்டம்பர்ல வந்த கேனன் 5டி மார்க் 2. போட்டோ கேமரா, 36க்கு 24 மில்லிமீட்டர் சென்சார், பரப்பு 864 சதுர மில்லிமீட்டர், 1/3 இன்ச் சென்சார மாதிரி 50 மடங்கு.

இதுல வேடிக்கை என்னன்னா 5டி வீடியோ எடுக்கற விதம் ரொம்ப ஓட்டை. 21 மெகாபிக்சலையும் அவ்ளோ வேகமா படிக்க முடியாம இடையில வரிங்கள விட்டுவிட்டுப் படிக்கும், விழுந்த வெளிச்சத்துல பெரும்பகுதிய அப்படியே தூக்கிப் போட்டுடும். அதோட விளைவு பட்டுப்புடவை ஜரிகைல தெரியும், ஃபுல் பார்டரும் வானவில் கலர்ல நெளியும். ஆரம்பத்துல 30 ஃப்ரேம் மட்டும்தான், நம்ம 50 ஹெர்ட்ஸ் டியூப் லைட்டுக்கு ஷட்டர 1/50லயோ 1/100லயோ வைக்கலன்னா மினுக் மினுக்குன்னு அடிக்கும், 25 ஃப்ரேம் ஃபர்ம்வேர் 2010 மார்ச்லதான் வந்துச்சு. இவ்ளோ ஓட்டை இருந்தும் இருட்டுல எல்லா டேப் கேமராவையும் தூக்கி சாப்பிட்டுச்சு. ஏன்? 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸோட திறப்பு 28 மில்லிமீட்டர் விட்டம். அதே காட்சிய 1/3 இன்ச் கேமராவுல எடுக்க 7 மில்லிமீட்டர் லென்ஸ் வேணும், எஃப் 1.6ல திறப்பு 4 மில்லிமீட்டர் சொச்சம்தான். பரப்புல 40 மடங்கு. பாதிக்கு மேல கொட்டுனாலும் மிச்சம் நிறைய இருக்கு.

ஆனா அந்த 40 மடங்கு இனாமா வரல. 28 மில்லிமீட்டர் திறப்புல ஃபோகஸ் விரலளவுதான், பொண்ணு கண்ணு ஷார்ப்னா மாப்பிள்ளை மங்கல். குரூப் போட்டோ மாதிரி மேடைல பத்துப் பேரு வரிசையா நின்னா பிடி 170ல எஃப் 1.6லயே எல்லாரும் ஷார்ப்பா இருப்பாங்க. ஃபுல் ஃப்ரேம்ல அதே ஆழம் வேணும்னா எஃப் 11 வரைக்கும் மூடணும், மூடுனா சென்சாருக்கு வர்ற மொத்த வெளிச்சம் பழைய 1/3 இன்ச் கேமரா அளவுக்கே வந்து நின்னுடும். பெரிய சென்சார் இருட்டுல ஜெயிக்கறது ஃபோகஸ் ஆழத்த விட்டுக் கொடுக்கறதாலதான். ஒத்தை ஆளா கேமராவ தூக்கிட்டு ஓடறவனுக்கு இது சின்ன விலை இல்ல.

2014ல வந்த சோனி ஏ7எஸ்தான் "கம்மி மெகாபிக்சல் = நைட் கிங்"ங்கற நம்பிக்கைய ஊருக்கெல்லாம் பரப்புனது. ஃபுல் ஃப்ரேம்ல 12 மெகாபிக்சல்தான், பிக்சல் 8.4 மைக்ரான், ஐஎஸ்ஓ 4,09,600 வரைக்கும். ஆனா அது இருட்டுல ஜெயிச்சதுல பிக்சல் சைஸ விட பெரிய பங்கு, ஒரு வரியையும் விடாம முழு சென்சாரையும் படிச்சதுல இருக்கு. பிக்சல் கம்மி, அதனால அந்த வேகத்துல எல்லாத்தையும் படிக்க முடிஞ்சுது. 1 லக்ஸ்னு பெட்டி மேல எழுதுனதுக்கு தேவைப்பட்ட ஐஎஸ்ஓ 32,000 இதுல பாக்கற மாதிரி படமாச்சு. முதல் ரெண்டு மாடல்லயும் ஆட்டோஃபோகஸ் மந்தம், அதுவும் இருட்டுல ஃபோகஸ தேடித் தேடி அலையும். 2020ல வந்த ஏ7எஸ் 3ல தான் அது சரியாச்சு.

இப்போ அந்த ஏ7எஸ் 3ய சோனியோட 33 மெகாபிக்சல் ஏ7 4 கூட வச்சுப் பாத்தா, ரெண்டையும் 4கே ஆக்கிட்டு ஐஎஸ்ஓ 12,800 வரைக்கும் நாய்ஸ்ல பெரிய வித்தியாசம் சொல்ல முடியாது, அதுக்கு மேல போனாத்தான் ஏ7எஸ் 3 விலகிப் போகும். ஆனா ஏ7எஸ் 3 வாங்கறதுக்கு வேற காரணம் இருக்கு, அது சென்சார மேலேர்ந்து கீழ படிக்க 9 மில்லிசெகண்ட் பக்கம்தான் எடுக்குது, ஏ7 4 அதுக்கு மூணு மடங்கு எடுக்கும். ஃபிளாஷ் வெட்டற ஃப்ரேம் அந்த அளவுக்குக் குறையும். அதே குடும்பத்து எஃப்எக்ஸ்3ல லாக் (அப்புறம் கலர் திருத்தறதுக்காக மங்கலா பதியற முறை) போட்டு எடுக்கறவங்க ஒண்ணு கவனிக்கணும், அதுல பேஸ் ஐஎஸ்ஓ (சென்சாரோட இயல்பான ஐஎஸ்ஓ) ரெண்டு, 800ம் 12,800ம். நம்பர் கம்மியா இருந்தா சுத்தமா இருக்கும்னு 8,000ல நிறுத்தாதீங்க, சுவிட்ச் மாறுற 12,800லயே வச்சா நிழல் சுத்தமா வரும்.

இதெல்லாம் படிச்சிட்டு நைட் கல்யாணத்துக்கு எது வாங்கலாம்னு கேட்டா, இப்போ மண்டபத்துல இருட்டுன்னு ஒண்ணு மிச்சம் இருக்கான்னு முதல்ல பாருங்க. ரிசப்ஷன்ல பொண்ணு மாப்பிள்ளைக்குப் பின்னாடி இருபது அடி எல்ஈடி வால், அது முகத்த விட ரெண்டு மூணு ஸ்டாப் அதிகமா எரியும், ஷட்டர் ஒத்துப் போகலன்னா கோடு கோடா ஓடும். அங்க ஐஎஸ்ஓ 4 லட்சம் இருந்து என்ன பண்றது, எல்ஈடி ஆபரேட்டர்கிட்ட போய் "அண்ணே, பிரைட்னஸ முப்பதுக்கு இறக்குங்க"ன்னு கெஞ்சறதுதான் வேலை. அவர் பொண்ணு வீட்டுக்காரங்கள கை காமிப்பாரு.